குழந்தையர் குடல் தூய்மையாக்கம்: பெருங்குடல் அகநோக்கலுக்கு முற்பட்ட ஒழுங்கு

பொருள் வரையறை

பெருங்குடலின் உட்சுவரைக் கண்ணால் கண்டு ஆராயும் மருத்துவ முறை பெருங்குடல் அகநோக்கல் எனப்படும். அதற்குரிய கருவி பெருங்குடல் அகநோக்கி. விரலினும் மெல்லிய, வளைந்து கொடுக்கும் இந்நெடுங்குழலின் நுனியில் விளக்கொளியும் நுண்படப்பொறியும் பொருந்தியிருக்கும். அதன் உள்ளே நீரைப் பீச்சவும், வளியைச் செலுத்தவும், கழிவை உறிஞ்சவும், சிறு கருவிகளை நுழைக்கவும் ஏற்ற குறுவழிகள் ஓடும். எருவாய் வழியே புகும் இக்கருவி நேர்குடல், நெளிகுடல், இறங்குகுடல், குறுக்குக்குடல், ஏறுகுடல் ஆகியவற்றைக் கடந்து குருட்டுக்குடலை எட்டி, இயலுமாயின் சிறுகுடலின் கடைப்பகுதியையும் கண்டு திரும்பும். இவ்வழி முழுவதும் கழிவு நீங்கி உட்சவ்வு மறைவின்றித் தெரியுமாறு, ஆய்வுக்கு முன்னரே குடலை வெறுமையாக்கும் செயலைக் குடல் தூய்மையாக்கம் என்கிறோம். அதற்கெனக் கொடுக்கப்படும் மருந்துகளைத் தூய்மிகள் என்னும் பொதுப்பெயரால் இக்கட்டுரை குறிக்கும்.

இச்செயல் ஆய்வுக்கு முந்தியதாயினும் ஆய்வின் புறத்தே நிற்பதன்று. ஆய்வின் முதற்பாதி அதுவே. காண்பதையே தொழிலாகக் கொண்ட கருவி, மறைப்பு உள்ள இடத்தில் தொழிலற்றுப் போகும். மெல்லிய கழிவுப் படலம் ஒன்று, சில மில்லிமீட்டர் அளவேயான புண்ணை முற்றிலும் மூடிவிடும்; மடிப்பின் பின்னே தேங்கிய கலங்கல்நீர் ஒரு கட்டியையே மறைத்துவிடும். வளர்ந்தவர்க்கு ஆய்வு நிறைவேறாவிடின் மற்றொரு நாள் செய்துகொள்ளலாம் என அமையலாம். குழந்தைகளுக்கோ இவ்வாய்வு பெரும்பாலும் மயக்கமருந்தின் துணையோடுதான் நடைபெறுகிறது. தூய்மை குறைந்தமையால் ஆய்வை மீண்டும் செய்ய நேர்ந்தால், பசியையும் கழிச்சலையும் மயக்கமருந்தையும் அச்சிறிய உடல் இரண்டாம் முறை தாங்கியாக வேண்டும். ஆதலின் முதல் முறையிலேயே முழுத் தூய்மை பெறுவது குழந்தையர் மருத்துவத்தில் ஓர் அறக்கடமையும் ஆகும்.

குழந்தைகளுக்கு இவ்வாய்வு வேண்டப்படும் நிலைகள் நான்கு தொகுதிகளில் அடங்கும். முதலாவது, கழிவோடு குருதி போதல். இரண்டு அகவை முதல் பத்து அகவை வரையுள்ள பிள்ளைகளுக்கு வலியின்றிக் குருதி போகுமாயின், இளமைப்பருவ விழுதுக்கட்டி எனப்படும் தீங்கற்ற சதைத் தொங்கல் ஒன்று நேர்குடலிலோ நெளிகுடலிலோ இருப்பதே அடிக்கடி காணப்படும் ஏது ஆகும். இரண்டாவது, கிரோன் நோய், பெருங்குடற் புண்ணழற்சி முதலிய நெடுநாள் அழற்சிகள். மூன்றாவது, ஏது விளங்காத நீடித்த கழிச்சல், குருதிச்சோகை, வளர்ச்சித் தேக்கம். நான்காவது, குடும்பவழியாக விழுதுக்கட்டிகள் பலவாகத் தோன்றும் மரபுநோய்கள். இந்நான்கிலும் மருத்துவர் தேடும் அடையாளம் மிகச் சிறியது. அது சிறியதாயிருக்குந்தோறும் தூய்மையின் தேவை பெரிதாகிறது.

ஒளியை வளைந்த வழியில் செலுத்தும் ஒளியிழைக் கற்றையே இக்கருவிக்கு வழிவகுத்தது. 1954-ஆம் ஆண்டில் இலண்டனில் ஆரால்டு ஆப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும், கண்ணாடி இழைக் கற்றையின் வழியே காட்சியைக் கடத்திக் காட்டியதை உலகறிய வெளியிட்டனர். 1957-இல் அமெரிக்காவில் பேசில் இர்சோவிட்சு அவ்விழைகளைக் கொண்டு இரைப்பையைக் காணும் கருவியை அமைத்தார். 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் இரோமி சின்யாவும் பெருங்குடலை முழுநீளமும் கண்டதோடு, அகநோக்கி வழியே கண்ணிக்கம்பியைச் செலுத்தி விழுதுக்கட்டியை அறுத்தெடுக்கவும் செய்தனர். வயிற்றைத் திறந்து செய்த பண்டுவத்தின் இடத்தை இவ்வாறு ஒரு மெல்லிய கம்பிக் கண்ணி பெற்றது. ஆயினும் கண்ணும் கையும் குடலுள் சென்ற பின்னும், குடலை ஊறின்றித் தூய்மையாக்கும் நெறி பிறக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின. அந்நெறியை அறிய, முதலில் குடலின் நீர்க்கணக்கை அறிதல் வேண்டும்.

குடலின் நீர்க்கணக்கு

வளர்ந்த ஒருவரின் சிறுகுடலுள் நாள்தோறும் ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் புகுகிறது. அவர் உண்பதாலும் பருகுவதாலும் வருவது அதில் ஏறத்தாழ 2 லிட்டரே. எஞ்சியவை உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என உடலே சுரந்தவை. இவற்றின் பெரும்பங்கைச் சிறுகுடல் மீட்டுக்கொள்கிறது. ஒன்று முதல் இரண்டு லிட்டர் மட்டுமே பெருங்குடலை அடைகிறது. பெருங்குடல் அதனையும் உறிஞ்சி, 100 முதல் 200 மில்லிலிட்டர் அளவே கழிவோடு வெளியேற விடுகிறது. உடல் தான் சுரந்த நீரைத் தானே மீட்டுக்கொள்ளும் இவ்வரவு செலவில், பெருங்குடல் என்பது நீரைக் காக்கும் இறுதி உறுப்பு. கழிவு கெட்டிப்படுவது இக்காவலின் விளைவு.

தூய்மையாக்கத்தின் நெறி முழுவதும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும். குடலை வெறுமையாக்க வேண்டுமாயின், சில மணிநேரம் இந்நீர்க்காவலைத் தளர்த்த வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு: நீரைக் குடற்குழாயின் உள்ளேயே நிறுத்தி வைத்தல் ஒன்று, குடலலைவை விரைவுபடுத்தி, நீர் உறிஞ்சப்படுமுன் கழிவை வெளியேற்றல் மற்றொன்று. எவ்வழியாயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. குடலைக் கழுவும் அந்நீர் எங்கிருந்து வருகிறது? பருகிய நீரே கழுவி வெளியேறுமாயின் உடலுக்கு இழப்பில்லை. குருதியிலிருந்து ஈர்க்கப்பட்ட நீர் வெளியேறுமாயின், தூய்மை வந்த அளவுக்கு உடல் வறள்கிறது. குழந்தையர் குடல் தூய்மையாக்கத்தில் தலையாய வினா இதுவே. பிற யாவும் இதற்கு அளிக்கப்படும் விடைகளே.

குழந்தையிடத்து இவ்வினா ஏன் கூர்மையடைகிறது என்பதற்கு உடலியல் தெளிவாக விடை கூறுகிறது. உயிரணுக்களுக்குப் புறத்தேயுள்ள உடல்நீரில், வளர்ந்தவரிடத்து நாள்தோறும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வெளியேறிப் புதுநீர் வருகிறது. கைக்குழந்தையிடத்தோ ஏறத்தாழப் பாதியே அவ்வாறு மாறுகிறது. இருப்புச் சிறிது, போக்குவரவு பெரிது. ஆதலால் சில மணிநேர இழப்பும் குழந்தையைத் துவளச் செய்யும். நீரைச் செறித்துக் காக்கும் ஆற்றல் கைக்குழந்தையின் சிறுநீரகத்திற்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. கல்லீரலில் சேமித்த மாவுப்பொருளும் குறைவாதலின், உணவின்றி நெடுநேரம் இருப்பின் குருதிச் சருக்கரை தாழ்ந்துவிடும். இம்மூன்றும் சேர்ந்து, குழந்தைக்குரிய அளவை வளர்ந்தவரின் அளவிலிருந்து கழித்துக் காணாமல், குழந்தையின் எடையிலிருந்தே பெருக்கிக் காண வேண்டும் என்ற விதியை நிலைநாட்டுகின்றன.

தூய்மிகளின் வகைப்பாடு

செயலாற்றும் முறை பற்றித் தூய்மிகளை நான்கு வகையாகப் பகுக்கலாம். அவை நீரீர்ப்பிகள், குடல்தூண்டிகள், ஒப்புநிலைக் கழுவுநீர், எருவாய்ப் பீச்சுநீர் என்பன.

நீரீர்ப்பிகள் சவ்வூடு பரவல் என்னும் இயற்கை நெறியால் இயங்குபவை. கரைபொருள் செறிந்த பக்கம் நோக்கிச் சவ்வின் வழியே நீர் பெயரும் என்பது அந்நெறி. குடலால் எளிதில் உறிஞ்சப்படாத உப்பு ஒன்று குடற்குழாயுள் தங்கினால், அது சுற்றியுள்ள நீரைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்ளும். மக்னீசியம் சிட்ரேட்டு இவ்வகையது. சோடியம் பாசுபேட்டும் ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. சிறிய அளவே பருகினால் போதும் என்பதால் பலரும் அதனை விரும்பினர். ஆயின் உறிஞ்சப்பட்ட பாசுபேட்டு, சிறுநீரக நுண்குழல்களில் கால்சியத்தோடு கூடிப் படிந்து, சிலரின் சிறுநீரகத்தை நிலையாகக் கெடுத்தது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றி வன்மையான எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் இத்தூய்மி பெரிதும் கைவிடப்பட்டது. பருகும் அளவு சிறிதாயிருப்பது ஒன்றே நன்மையாகாது என்பதற்கு இது நிலையான சான்று.

குடல்தூண்டிகள் குடற்சுவரின் நரம்புகளையும் தசைகளையும் எழுப்பி அலைவை விரைவுபடுத்துபவை. பிசக்கோடில், சோடியம் பிக்கோசல்பேட்டு, நிலாவாரை ஆகியவை இவ்வகையில் அடங்கும். இவற்றுள் நிலாவாரை தமிழ் மண்ணுக்கு அணுக்கமானது. நெல்லைச் சீமையின் கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் அதன் இலையும் காயும், திருநெல்வேலியின் பெயரையே வணிகப்பெயராகத் தாங்கி உலக மருந்துச் சந்தைகளுக்குச் செல்கின்றன. அவ்விலையிலுள்ள சென்னோசைடு என்னும் பொருள் சிறுகுடலில் மாறாமல் கடந்து, பெருங்குடல்வாழ் நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்ட பின்னரே தூண்டும் ஆற்றலைப் பெறுகிறது. செயற்பட வேண்டிய இடம் வந்த பின்பே செயற்படும் இவ்வொழுங்கு கருதத்தக்கது. நம் வீடுகளில் பேதிக்குக் கொடுக்கப்பட்ட விளக்கெண்ணெயும் குடல்தூண்டியே. அதிலுள்ள ஆமணக்கு அமிலம் குடற்றசையின் குறிப்பிட்ட ஏற்பிகளில் பொருந்தி அலைவை எழுப்புகிறது என்பதை 2012-இல் செருமானிய ஆய்வாளர் நிறுவினர். எனினும் அதன் அளவும் விளைவும் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதாலும், வயிற்றுப்பிசைவு மிகுவதாலும், அகநோக்கலுக்கு இன்று அதனைப் பயன்படுத்துவதில்லை.

எருவாய்ப் பீச்சுநீர் என்பது மருத்துவமனைகளில் எனிமா என வழங்குவது. நேர்குடலையும் நெளிகுடலையும் அது விரைந்து தூய்மையாக்கும். ஆயின் குருட்டுக்குடல் வரை எட்டாது. கடைமடையில் நின்று எவ்வளவு இறைத்தாலும் தலைமடைத் தூர் அகலாது. தலைமடையில் திறந்த நீர்தான் கால்வாய் முழுவதையும் அலசிச் செல்லும். அதனால்தான் முழு அகநோக்கலுக்கு வாய்வழித் தூய்மியே முதன்மை பெறுகிறது. குடல் குறுகியதாயுள்ள கைக்குழந்தைக்கும், கடைப்பகுதியை மட்டும் காணும் ஆய்வுக்கும் பீச்சுநீர் போதியதாகலாம்.

ஒப்புநிலைக் கழுவுநீரின் பிறப்பு

எஞ்சிய வகையான ஒப்புநிலைக் கழுவுநீரே இத்துறையின் பெருஞ்சாதனை. அதற்கு முன்னர் மருத்துவர் இரண்டு இடர்களுக்கு இடையே நின்றனர். உப்புநீரை மிகுதியாகப் பருகச் செய்தால், அதில் ஒரு பங்கு உடலுள் உறிஞ்சப்பட்டு, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவர்க்கு வீக்கத்தை விளைத்தது. மானிட்டால் என்னும் இனிப்புப் பொருளைக் கரைத்துக் கொடுத்தால், குடல்வாழ் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து, தீப்பற்றக்கூடிய நீரகவளியையும் மீத்தேன் வளியையும் தோற்றுவித்தன. விழுதுக்கட்டியை மின்சூட்டால் அறுக்கும்போது அவ்வளி வெடித்து நோயாளி ஒருவர் இறந்த நிகழ்வை, 1979-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தாலசு நகரைச் சார்ந்த சான் ஃபோர்ட்ரானும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு இவ்விரு இடர்களையும் ஒருங்கே நீக்கியது. உடலிலிருந்து நீரையும் உப்பையும் எடாமலும், உடலுக்கு அவற்றைக் கொடாமலும், குடலைக் கழுவி மட்டும் செல்லும் கரைசலை அமைப்பதே அவர்கள் கொண்ட குறிக்கோள். அதற்கு அவர்கள் கண்ட வழி இரண்டு கூறுகளால் ஆனது. குளோரைடின் துணையோடுதான் சோடியம் பெரிதும் உறிஞ்சப்படுகிறது என்பதறிந்து, குளோரைடின் பெரும்பகுதிக்கு மாற்றாக, எளிதில் உறிஞ்சப்படாத சல்பேட்டை அமைத்தது ஒன்று. நீரைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நெடுந்தொடர்ச் சேர்மத்திடம் ஒப்படைத்தது மற்றொன்று.

இச்சேர்மத்தை நீர்ப்பிணை நெடுந்தொடர் என்று நாம் வழங்கலாம். இரண்டு கரிமமும் ஓர் உயிர்வளியும் கொண்ட ஒரே கண்ணி மீண்டும் மீண்டும் கோக்கப்பட்டு உருவானது அது. மருத்துவத்தில் பயன்படும் வகையின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 3350. ஒரு கண்ணியின் எடை 44. ஆகவே ஒரு தொடரில் ஏறத்தாழ 76 கண்ணிகள் உள்ளன. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள உயிர்வளி அணு, தன்னை அடுத்துள்ள நீர் மூலக்கூறுகளைப் பிணைத்துக்கொள்கிறது. தொடர் நெடியதாகையால் குடற்சுவரைக் கடந்து குருதியுள் புகுவது மிகச் சிறிதே. நம் செரிமான நொதிகள் அதனை வெட்டுவதில்லை. குடல்வாழ் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்வதுமில்லை. ஆகவே தான் பிணைத்த நீரோடு குடலைக் கடந்து, கழிவை அலசிக்கொண்டு, வந்தவாறே வெளியேறுகிறது. பெருவழக்கிலுள்ள கரைசலில் 4 லிட்டருக்கு 236 கிராம் நீர்ப்பிணை நெடுந்தொடரும், அதனோடு சோடியம், பொட்டாசியம், சல்பேட்டு, பைகார்பனேட்டு, குளோரைடு ஆகிய மின்பகுளிகளும் கலந்திருக்கும். கரைசலின் செறிவும் குருதிநீரின் செறிவும் ஒத்திருப்பதால், சவ்வின் இருபுறமும் நீர் பெயர்வதற்குத் தூண்டுதல் இல்லை. எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்னும் இவ்வொப்புநிலையே குழந்தையின் காப்பு.

அகவையும் எடையும்

2014-ஆம் ஆண்டில் வட அமெரிக்கக் குழந்தையர் இரைப்பை, குடல், கல்லீரல், ஊட்டவியல் கழகத்தின் அகநோக்கல் குழு, குழந்தையர் குடல் தூய்மையாக்கம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2017-இல் ஐரோப்பியக் கழகங்கள் தம் நெறிமுறையை வெளியிட்டன. நீர்ப்பிணை நெடுந்தொடரோடு வைட்டமின் சி உப்பைச் சேர்த்த சிற்றளவுக் கரைசலையோ, சோடியம் பிக்கோசல்பேட்டோடு மக்னீசியம் சிட்ரேட்டைச் சேர்த்த கலவையையோ அவை பரிந்துரைத்தன. நாட்டுக்கு நாடு, மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒழுங்குகள் வேறுபட்டாலும், பொதுநெறி ஒன்றே.

இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தெளிநீர்மங்களே உணவாக ஒரு பகலும் இரவும் அமைய, எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 5 மில்லிலிட்டர் வீதம் உப்புநீரை எருவாய் வழியே பீச்சுதல் போதும். அவ்வீதப்படி 8 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு 40 மில்லிலிட்டர். அதற்கு மேற்பட்ட அகவையினர்க்கு நீர்ப்பிணை நெடுந்தொடரே முதன்மையானது. அது இரு முறைகளில் வழங்கப்படுகிறது. மின்பகுளி சேர்ந்த கரைசலாயின், ஒரு மணிநேரத்திற்குக் கிலோகிராமுக்கு 25 மில்லிலிட்டர் வீதம், வெளிவரும் நீர் தெளியும் வரை கொடுக்கப்படும். குழந்தை பருக மறுக்குமாயின், மருத்துவமனையில் மூக்குவழியாக இரைப்பைக்கு மென்குழல் இட்டுச் செலுத்துவர். மின்பகுளி சேராத பொடியாயின், கிலோகிராமுக்கு 4 கிராம் என்னும் அளவு, தெளிநீர்மத்தில் கரைத்து ஒரே நாளிலோ இரு நாள்களில் பகுத்தோ கொடுக்கப்படும். இம்முறையில் கரைக்கும் நீர்மம் வெறுநீராக மட்டும் இருத்தலாகாது. உப்பும் சருக்கரையும் உள்ள நீர்மங்களும் அதனோடு அமைதல் வேண்டும். வெறுநீரே மிகுந்தால் குருதிச் சோடியம் தாழ்ந்து, வலிப்பு வரை கொண்டு செல்லக்கூடும்.

ஒரு பிள்ளையின் இரு நாள்கள்

நெறியைச் செயலில் காண ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். நான்கு அகவை, எடை 16 கிலோகிராம், வலியின்றிக் கழிவோடு குருதி போகிறது, மருத்துவர் விழுதுக்கட்டி என ஐயுறுகிறார், மறுநாள் முற்பகல் 10 மணிக்கு ஆய்வு. இப்பிள்ளைக்குக் கிலோகிராமுக்கு 4 கிராம் வீதம் 64 கிராம் பொடி தேவை. 17 கிராமுக்கு 240 மில்லிலிட்டர் வீதம் கரைத்தால் ஏறத்தாழ 900 மில்லிலிட்டர் கரைசலாகும். இது தூய்மிக்கான கணக்கு மட்டுமே. உடலின் அன்றாடத் தேவைக்கான கணக்கு வேறு. 1957-இல் ஆலிடேயும் சேகரும் வகுத்த விதிப்படி, முதல் 10 கிலோகிராமுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலிட்டரும், அடுத்த 10 கிலோகிராமுக்குக் கிலோவுக்கு 50 மில்லிலிட்டரும் கொள்ள, இப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1300 மில்லிலிட்டர் நீர் வேண்டும். தூய்மியைப் பருகியதே போதும் எனக் கருதி இவ்விரண்டாம் கணக்கை மறப்பதுதான் வீடுகளில் நேரும் பெரும்பிழை.

ஆய்வுக்கு முன் ஓரிரு நாள்கள் சக்கை குறைந்த உணவு அமைதல் வேண்டும். இட்லி, இடியாப்பம், குழைந்த வெள்ளைச் சோறு, முட்டை ஆகியவை ஏற்றவை. கீரை, முளைகட்டிய பயறு, கேழ்வரகு, கொய்யா, கத்தரி, தக்காளி ஆகியவற்றை விலக்குவதற்கு ஏது உண்டு. குழந்தையர் அகநோக்கியின் உறிஞ்சுவழி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. செரிக்காத ஒரு கொய்யா விதையோ சுருண்ட தக்காளித் தோலோ அதனை அடைத்து, ஆய்வையே நிறுத்திவிட வல்லது. இரும்புப்பொருள் மருந்துகள் கழிவைக் கருமையாக்கி ஒட்டச் செய்வதால், மருத்துவர் சொற்படி சில நாள்களுக்கு முன்னரே அவற்றை நிறுத்துவர். நாட்பட்ட மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு, இளக்கும் மருந்தைப் பல நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

ஆய்வுக்கு முந்திய நாள் தெளிநீர்மங்களே உணவு. கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதன் பின்னே பிடித்த தாளில் உள்ள எழுத்தைப் படிக்க முடியுமாயின் அது தெளிநீர்மம். இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, வடிகட்டிய ஆப்பிள் சாறு, உப்புச் சருக்கரைக் கரைசல் ஆகியவை தேறும்; பால், மோர், கஞ்சி ஆகியவை தேறா. சிவப்பும் ஊதாவுமான நீர்மங்கள் தெளிந்திருப்பினும் கூடா. குடற்சுவரில் படிந்து குருதியெனத் தோன்றி மருத்துவரை மயக்கும். தூய்மிக் கரைசலைக் குளிரவைத்து, உறிஞ்சுகுழலால் சிறிது சிறிதாகப் பருகச் செய்தால் குமட்டல் குறையும். குமட்டினால் அரைமணிநேரம் நிறுத்தி, விரைவைக் குறைத்துத் தொடரலாம்.

கரைசலின் ஒரு பாதியை மாலையிலும் மறுபாதியை விடியலுக்கு முன்னும் பகுத்துக் கொடுப்பதற்கு ஏது உடலியலில் உள்ளது. மாலையில் மட்டும் கழுவி முடித்தால், இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தம் கலந்த குழைநீர் குருட்டுக்குடலிலும் ஏறுகுடலிலும் படிந்து, காலையில் மஞ்சள் பூச்சாக ஒட்டியிருக்கும். விடியற் பங்கு அப்பூச்சையும் அலசிவிடும். நம் எடுத்துக்காட்டில் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் மறுபாதி முடிந்தால், மயக்கமருந்துக்கு முன் இரைப்பை வெறுமையாக இருப்பதற்கு வேண்டிய இடைவெளியும் கிடைக்கும். தெளிநீர்மத்துக்கு 2 மணிநேரம், தாய்ப்பாலுக்கு 4 மணிநேரம், புட்டிப்பாலுக்கு 6 மணிநேரம் என்பது அவ்விடைவெளியின் பொதுவிதி. புரையேறி உணவு நுரையீரலுள் புகாமல் காப்பது அதன் நோக்கம்.

தூய்மை கைகூடியதைத் தாய் தன் கண்ணாலேயே அறியலாம். முதலில் கெட்டிக் கழிவு, பின் குழைவு, பின் துகள் மிதக்கும் கலங்கல், பின் பழுப்புநீர், இறுதியில் துகளற்ற இளமஞ்சள் தெளிநீர் என்னும் வரிசையில் வெளியேற்றம் மாறும். பித்தத்தின் சாயல் இருப்பதால் மஞ்சள் முற்றும் நீங்காது. நீங்க வேண்டுவதும் இல்லை. நிறமின்மையன்று, ஊடுருவிக் காணத்தக்க தெளிவே எல்லை. அடிக்கடி கழிவதால் எருவாய்த் தோல் புண்படும். ஒவ்வொரு முறையும் வெதுநீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுதல் அப்புண்ணைத் தடுக்கும்.

இடரும் காப்பும்

குடல் அடைப்பு, குடற்சுவரில் துளை, கடும் அழற்சியால் பெருங்குடல் வீங்கிய நிலை ஆகியவற்றில் வாய்வழித் தூய்மி கொடுத்தலாகாது. சிறுநீரகம் தளர்ந்த பிள்ளைக்கு மக்னீசிய உப்புகள் கூடா. விழுங்கும் ஆற்றல் குன்றிய பிள்ளைக்கு மருத்துவமனையில்தான் தூய்மையாக்கம் நடைபெற வேண்டும். நீரிழிவுள்ள பிள்ளையின் மருந்தளவை முன்னரே வகுத்தல் வேண்டும். வீட்டிலிருக்கும் பிள்ளை ஓயாது வாந்தியெடுத்தால், வயிறு உப்பி வலித்தால், ஆறு மணிநேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டால், சோர்ந்து உறங்கி எழுப்பினும் விழிக்கத் தாமதித்தால், தூய்மியை நிறுத்தி அப்பொழுதே மருத்துவரை நாட வேண்டும்.

தூய்மையின் அளவுகோல்

ஆய்வு முடிந்ததும் தூய்மையின் தரத்தை மதிப்பிட்டுப் பதிவது மருத்துவர் கடன். 2009-இல் வெளியான பாசுடன் அளவுகோல் அதற்குப் பெருவழக்கானது. பெருங்குடலை வலம், குறுக்கு, இடம் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் மூன்று வரை மதிப்பெண் இடுவர். சவ்வே தெரியாத நிலை சுழி. பகுதி மட்டும் தெரிவது ஒன்று. சிறிது கறை எஞ்சினும் நன்கு தெரிவது இரண்டு. முழுவதும் தெளிந்தது மூன்று. மூன்று பகுதியிலும் இரண்டுக்குக் குறையாமல் இருப்பின் ஆய்வு நம்பத்தக்கது, ஒன்பது முழுமை. இவ்வெண் இல்லாத அறிக்கை, கண்டதைச் சொல்லுமே அன்றிக் காணாது விட்டது எவ்வளவு என்பதைச் சொல்லாது.

நிறைவுரை

மேற்கூறிய யாவற்றையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அகநோக்கலைச் செய்பவர் வல்லுநர். ஆயின் அவ்வகநோக்கலுக்கு உரிய பாதிப் பணியைச் செய்பவர் பிள்ளையின் தாய் தந்தையர். கரைசலை அளப்பதும், விடியலுக்கு முன் எழுப்பிப் பருகச் செய்வதும், வெளிவரும் நீரின் தெளிவைப் பார்த்து முடிவு சொல்வதும் அவர்களே. ஒரு மருத்துவச் செயலின் பாதி, வீட்டில், தமிழ் பேசும் கைகளால் நடைபெறும்போது, அதற்குரிய அறிவு முழுமையாகத் தமிழில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். சவ்வூடு பரவலும் ஒப்புநிலைக் கரைசலும் மின்பகுளியும் நம் மொழியில் இடரின்றி இயங்கும் சொற்களே. அவற்றை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் முனைப்பு மட்டுமே இனி வேண்டுவது.

ஆகவே குழந்தையர் மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் எடை, தூய்மியின் அளவு, கரைக்கும் நீரின் அளவு, தொடங்கும் மணி, முடிக்கும் மணி, விலக்க வேண்டிய உணவு, நிறுத்த வேண்டிய அடையாளம் ஆகிய ஏழையும் தெளிதமிழில் எழுதிய தாளை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். பெற்றோர்க்கும் ஒரு சொல்: இக்கட்டுரையின் கணக்குகள் நெறியை விளங்கிக்கொள்வதற்காக அமைந்தவை, உங்கள் பிள்ளைக்குரிய அளவை வரையறுப்பவர் உங்கள் மருத்துவரே. அத்தாளைக் கேட்டுப் பெறுங்கள். அதில் எழுதியுள்ள எடை உங்கள் பிள்ளையின் இன்றைய எடைதானா என்று பாருங்கள். அதன் பின்னரே முதற் குவளையைக் கலக்குங்கள்.